சிம்லிங்க் போட்ட வாரம்

அந்த யோசனை எனக்கு வந்த நேரத்தில், ராயகிரியில் எருமை வைத்திருக்கும் ஓர் அம்மா என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். நேரில் இல்லை, போனில். அங்கே பால் சென்டரில் இருந்த என் தோழிதான் போனை ஸ்பீக்கரில் போட்டு அந்த அம்மாவின் வாய்க்கு நேராக நீட்டியிருந்தாள்.

“கேக்கேன், என் எருமை ராத்திரியோட ராத்திரி பசுவாயிட்டாக்கும்? நேத்து ஏழுன்னு அடிச்ச மிசினு இன்னைக்கு மூணரைன்னு அடிக்கி. நான் புல்லுதானே போடுதேன்? பச்சத்தண்ணியவா காட்டுதேன்?”

“ஏம்மா, அது மிசினு இல்ல, எங்க புரோகிராம்ல...” என்று ஆரம்பித்தேன்.

“என்ன கிராமோ எழவோ. எனக்கு முன்னால நின்னவனுக்கும் மூணரை. அவன் பசுவுக்கு உள்ளத எனக்கு அடிச்சிருக்கிய.”

அவர் சொன்னதுதான் சரி. பாலைச் சோதிக்கும் கருவி கொஞ்சம் மெதுவானது. அடுத்த ஆளின் பால் அளவு வந்து சேரும் முன் எங்கள் புரோகிராம் அவசரப்பட்டு, முந்தைய ஆளின் கொழுப்பு அளவையே சிலிப்பில் அடித்துவிடும். இந்தக் கோளாறை நான் முந்தின வாரமே சரி செய்திருந்தேன். சிவகிரியில் சரியானது. வாசுதேவநல்லூரில் சரியானது. ராயகிரி ஃபோல்டருக்குள் அந்தக் கோப்பைப் போட மறந்துவிட்டோம். அவள் போட்டிருப்பாள் என்று நான் நினைத்தேன், நான் போட்டிருப்பேன் என்று அவள் நினைத்தாள்.

அந்த அம்மாவின் குரலுக்கு நடுவில்தான் எனக்கு உறைத்தது. ஒரே சாமானை எதற்கு மூன்று இடத்தில் வைத்துக்கொண்டு அலைகிறோம்? ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களிலிருந்து அதற்கு வழி காட்டினால் போதுமே.

“ஏட்டி, சிம்லிங்க் போட்டிருவோமா?” என்று கத்தினேன்.

“முதல்ல எருமைக்குப் பதில் சொல்லுட்டி, மூதி,” என்றாள் அவள். போன் வைக்கப்பட்டது.

நாங்கள் இருவரும் கல்லூரியில் ஒரே பெஞ்ச். படிப்பு முடிந்து ஆளுக்கொரு ஊரில் கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாக ஏதாவது செய்வோம் என்று சங்கரன்கோவிலுக்கே திரும்பியவர்கள். கழுகுமலை ரோட்டில் ஓர் உரக்கடை மாடியில் எங்கள் அறை. கீழேயிருந்து யூரியா வாடை வரும், பின் தெருவிலிருந்து விசைத்தறிச் சத்தம் வரும். இரண்டும் பழகிவிட்டன. ஒரு பால் கம்பெனியின் மூன்று சென்டர்களுக்கு எங்கள் புரோகிராம் ஓடுகிறது. தராசும் சோதிக்கும் கருவியும் சொல்வதைப் படித்து, பால் ஊற்றுகிறவர் கையில், கொழுப்பு அளவும் அதை வைத்துப் போட்ட விலையும் அடித்த ஒரு சிலிப் கொடுக்கும். அவ்வளவுதான். சென்டர் கம்ப்யூட்டர்களை நெட்டில் சேர்க்கக் கூடாது என்று கம்பெனியில் கண்டிப்பு. அதனால் எந்தத் திருத்தமானாலும் பென் டிரைவில் போட்டு, பஸ் ஏறித்தான் கொண்டுபோக வேண்டும். பால் ஊற்ற ஆள் வருவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்றால் முதல் பஸ். போவது பெரும்பாலும் அவள். அவளுக்குத்தான் ஆட்களிடம் பேச வரும். நான் புரோகிராமைப் பொருத்திய அன்று ஒரு தடவை போனதோடு சரி.

அன்று மதியம் அவள் ராயகிரியிலிருந்து திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் விழுந்தாள். முகத்தில் பஸ் புழுதி.

“சொல்லு, என்னமோ லிங்க்குன்னியே.”

நான் வேகமாகச் சொன்னேன். எனக்கு இந்த மாதிரி விஷயங்களை மெதுவாகச் சொல்ல வராது. ஒவ்வொரு சென்டருக்கும் தனி ஃபோல்டர் இருக்கிறது. மூன்றுக்குள்ளும் ‘பொது’ என்று ஒரே மாதிரி ஓர் உள் ஃபோல்டர் இருக்கிறது. அந்த மூன்று ‘பொது’வையும் தூக்கிவிட்டு வெளியே ஒன்றே ஒன்று வைப்போம். சென்டர் ஃபோல்டர்களுக்குள் அதற்குச் சிம்லிங்க் போடுவோம். பார்ப்பதற்கு ஃபோல்டர் மாதிரியே இருக்கும், உள்ளே ஒன்றும் கிடையாது. திறந்தால் நிஜமான இடத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். ஓரிடத்தில் மாற்றினால் மூன்று இடத்திலும் மாறிவிடும். மறப்பதற்கு இடமே இல்லை.

அவள் கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள், “சென்னைல ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன்லா, அங்கேருந்து மெயில் வந்திருக்குட்டி. திங்கக்கெழமைக்குள்ள சொல்லணுமாம்.”

நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பினேன்.

“நான் இன்னும் சரின்னு சொல்லல. ஆனா இப்படி விடியக்காலை பஸ் ஏறி, நீ விட்டத நானும் நான் விட்டத நீயும் சரி பண்ணிக்கிட்டு, எருமைக்காரிகிட்ட வசவு வாங்கிக்கிட்டு, எத்தன நாளு? ஒரு தடவ சரி பண்ணுனா அது சரியானதா இருக்கணும். அத மட்டும் செஞ்சு காட்டு. நான் இருக்கேன். இல்லேன்னா எனக்கு முடியாதுட்டி.”

அவள் போய்விட்டால் இந்த அறையில் நான் தனியாக என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்க்கக்கூட எனக்குப் பிடிக்கவில்லை. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒரு வரிக் கட்டளைதானே, டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

முதலில் சோம்பேறித்தனமாக ஒரு ஷார்ட்கட் உருவாக்கிப் பார்த்தேன். நாம் அதைச் சொடுக்கினால் திறக்கிறது. புரோகிராமுக்கு அது வெறும் ஒரு கோப்பு, ஃபோல்டராகத் தெரியவே இல்லை. சரி என்று கறுப்புத் திரையைத் திறந்து முறையான கட்டளையை அடித்தேன். இதைச் செய்ய உனக்கு அனுமதி இல்லை என்று ஒரு வரி வந்தது. அந்தக் கம்ப்யூட்டர் தோழியின் அண்ணனிடமிருந்து வாங்கியது. முழு அதிகாரம் உள்ள கணக்கின் பாஸ்வேர்டு அவரிடம்தான் இருந்தது. இதுவரை எங்களுக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலையாக இருந்த அண்ணனுக்குப் போன் போட்டாள்.

“பாஸ்வேர்டு என்னண்ணே?”

அந்தப் பக்கம் மிசின் சத்தம் மட்டும் கேட்டது.

“அண்ணே?”

“அது எதுக்கு இப்ப? வேற வழி இல்லையா?”

“இல்ல. சொல்லு.”

“பக்கத்துல அம்மா இருக்காளா?”

“ஆபீஸ்ல அம்மா எதுக்கு இருக்கா? சொல்லுண்ணே.”

அவர் கடைசிவரை வாயால் சொல்லவில்லை. எழுதி அனுப்பினார். ஒரு பெண்ணின் பெயர், பின்னால் ஒரு வருடம். தோழி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

“எங்க தெருவுல இந்தப் பேருல ஒருத்திதான் இருக்கா. கோட்டிக்காரப்பய. இவன் தீபாவளிக்கு வரட்டும்.”

அந்தப் பெண்ணின் புண்ணியத்தில் உள்ளே நுழைந்தேன். அமைப்புகளுக்குள் போய், புரோகிராம் எழுதுகிறவர்களுக்கான ஒரு சுவிட்சைத் தேடிப் போட்டேன். அதைப் போட்டுவிட்டால் இனி ஒவ்வொரு லிங்க்குக்கும் அதிகாரக் கணக்கு வேண்டாம். மறுபடி கட்டளையை அடித்தேன். ‘அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது’ என்றது.

கல்லூரி லேபில் பழகியது வேறு. அங்கே நிஜமானதை முதலில் சொல்லி லிங்க்கைப் பின்னால் சொல்வோம். விண்டோஸில் லிங்க்கின் பெயர் முதலில் வர வேண்டும். கை பழைய மாதிரியே அடித்துவிட்டது. திருப்பி அடித்தேன். அப்போதும் அதே பதில். இந்த முறை காரணம் வேறு என்று புரிய நேரம் பிடித்தது. பழைய ‘பொது’ ஃபோல்டர் இன்னும் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. அதை எடுத்தால்தானே லிங்க் உட்காரும்? இரண்டு வேறு தப்புகளுக்கு ஒரே வார்த்தையில் பதில் சொன்னால் மனுஷி என்னதான் செய்வாள்?

பழையதைப் பெயர் மாற்றி ஒதுக்கி வைத்தேன். அடித்தேன். லிங்க் உருவாகிவிட்டது என்று வந்தது. கை தட்டினேன். திறந்தால் அப்படி ஓர் இடமே இல்லை என்கிறது! நான் நின்ற இடத்திலிருந்து வழி சொல்லியிருந்தேன். அதுவோ தான் இருக்கும் இடத்திலிருந்து வழி தேடியது. இல்லாத இடத்துக்கு லிங்க் போட்டாலும் அது ஒரு வார்த்தை மறுத்துப் பேசுவதில்லை.

இப்படியே இரண்டு நாள் போனது. கண் எரிந்தது. முழு வழியையும் ஒழுங்காகக் கொடுத்துக் கடைசியில் மூன்று லிங்க்கும் வேலை செய்தபோது எனக்குக் குதிக்கத் தெம்பு இல்லை. ஒரு கோப்பில் ஒரு வரி மாற்றி, மூன்று சென்டர் ஃபோல்டர்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். மூன்றிலும் அந்த வரி இருந்தது.

தோழி குனிந்து பார்த்தாள். “உண்மையாவே ஒண்ணுதானா? மூணு இல்லையா?”

“ஒண்ணுதான்.”

“அப்ப சரி,” என்றாள். சென்னையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் அன்று டீ அவள் வாங்கி வந்தாள்.

மறுநாள் வாசுதேவநல்லூரிலிருந்து அழைப்பு. அங்கே கம்பெனி பழைய சோதனைக் கருவியை எடுத்துவிட்டுப் புதியது வைத்திருந்தது. அது நாலரை என்பதைப் புள்ளி இல்லாமல் நாற்பத்தைந்து என்று அனுப்புகிறது. தோழி முதல் பஸ்ஸில் போனாள். வாசலில் கேனோடு வரிசை நின்றது. அவள் அங்கேயே உட்கார்ந்து, அங்கிருந்த ‘பொது’க் கோப்பில், வருகிற எண்ணைப் பத்தால் வகுத்துக்கொள் என்று ஒரு வரி சேர்த்தாள். சிலிப் சரியாக வந்தது. ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. போன் செய்தபோது அவள் குரலில் ஒரு தெளிவு இருந்தது.

திரும்பி வந்ததும் அவள் வழக்கமாகச் செய்வதைச் செய்தாள். எந்தச் சென்டருக்குப் போய் வந்தாலும், அங்கே இருப்பதை அப்படியே பென் டிரைவில் எடுத்து வந்து, இங்கே அந்தச் சென்டரின் ஃபோல்டர் மேல் ஒட்டிவிடுவாள். அங்கே என்ன ஓடுகிறதோ அதுவே இங்கேயும் இருக்க வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்தே நாங்கள் வைத்துக்கொண்ட ஒழுங்கு. அது பலமுறை எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ‘ஏற்கெனவே இருக்கிறது, மாற்றட்டுமா?’ என்று கம்ப்யூட்டர் கேட்கும். ஆமாம் என்று அமுக்குவாள். அன்றும் அமுக்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சிவகிரிக்காக வேறொரு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிவகிரி சென்டரில் சிலிப் எழுத்து சின்னதாக இருக்கிறது, வயதானவர்களுக்குத் தெரியவில்லை என்றார்கள். எழுத்தைப் பெரிதாக்குவது ஐந்து நிமிட வேலை. ‘பொது’வில் மாற்றினேன். சனிக்கிழமை காலை அவள் அதை எடுத்துக்கொண்டு சிவகிரிக்குப் போனாள்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. சென்டர் நடத்தும் அண்ணாச்சியின் குரல்.

“ஏ தாயி, என்ன செஞ்சு அனுப்பியிருக்கிய? எழுத்து என்னமோ பெருசாத்தான் இருக்கு. எண்ணு சிறுத்துப் போச்சே! அரைக்கும் கீழ அடிக்கி. அரைக்கும் கீழன்னா அது பாலா? குழாத்தண்ணி தாயி, குழாத்தண்ணி.”

“எல்லாருக்குமா அண்ணாச்சி?”

“மூணு பேருக்கு அடிச்சுப் பாத்து நிறுத்திட்டேன். மூணு பேரும் அரைக்குள்ளதான். மிசினு கோளாறுன்னு எனக்குத் தெரியும். ஆனா முதல்ல ஊத்துன பெரியவர் இருக்காவல்லா, அவுகளுக்கு யாரு சொல்ல?”

போனைத் தோழி வாங்கிக்கொண்டாள். மெதுவாகப் பேசினாள்.

“வயசான தாத்தாட்டி. தினம் அவருதான் முதல் ஆளாம். சிலிப்ப கையில வாங்கிப் பாத்தாரு. எழுத்து நல்லாத் தெரிஞ்சிருக்கும்லா, நாமதான் பெருசாக்கிட்டமே. பின்னால நின்னவன் எட்டிப் பாத்துட்டு ‘என்ன பெரியவரே, கெணத்துல கறந்தியளா’ன்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சிட்டாவ. அவரு கேன எடுத்துட்டு நடந்துட்டாரு. நான் பின்னாலயே ஓடுனேன். திரும்பிக்கூடப் பாக்கல.”

அவள் பழைய பதிப்பைத் திரும்பப் போட்டுவிட்டு, மீதிப் பேருக்குச் சிலிப் அடித்துக் கொடுத்துவிட்டு, வெயில் ஏறிய பிறகு வந்து சேர்ந்தாள். வந்ததும் தன் லேப்டாப்பைத் திறந்தாள். சென்னை மெயிலைத் திறந்து பதில் அடிக்க ஆரம்பித்தாள். இரண்டு வரிதான். அனுப்பாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் நான் கோளாறைக் கண்டுபிடித்திருந்தேன். பத்தால் வகுக்கும் வரி ‘பொது’வுக்குள் இருந்தது. வாசுதேவநல்லூருக்கு மட்டும் வேண்டிய வரி, எல்லாருக்குமான இடத்தில்.

“இது எப்படி இங்க வந்துச்சு?” என்றேன்.

அவள் எழுந்து வந்து பார்த்தாள். நின்றபடியே பார்த்தாள்.

“நான் வாசுதேவநல்லூர் ஃபோல்டர்லதானே ஒட்டுனேன்.”

“ஆமா. அதுக்குள்ள இருக்க ‘பொது’ இப்ப ஃபோல்டர் இல்லைல்லா, லிங்க். அது மேல ஒட்டுனா நேரா நிஜமான எடத்துலதான் போயி விழும். பென் டிரைவுக்கு லிங்க்னா என்னன்னே தெரியாது. அதுல ஏறும்போது லிங்க் செத்து, சாதா ஃபோல்டராயிரும். திரும்பி வந்து ஒட்டும்போது...”

“இத எனக்கு யாரு சொன்னா?”

“லிங்க்குன்னு சொன்னேன்லா. அம்புக்குறி போட்டிருக்குமே, படத்துல, ஓரமா. பாக்கலையா?”

“எறும்பு சைசுக்கு ஒரு அம்பு. விடியக்காலை எந்திரிச்சு வாசுதேவநல்லூர் போயிட்டு வந்தவ கண்ணுக்கு அது தெரியுமாட்டி? நீயே சொல்லு, ஃபோல்டர் மாதிரியே இருக்கும், நீ ஒண்ணும் மாத்த வேண்டாம், வழக்கம் போல செய்யின்னுதானே சொன்ன?”

அப்படித்தான் சொல்லியிருந்தேன். வேலை செய்யும் விதத்தை மாற்றாமல் வேலையை மாற்றிவிடலாம் என்பதுதான் என் பெருமையே.

“நீ ஏன் அங்கன உக்காந்து புரோகிராம மாத்துத? எங்கிட்ட சொன்னா நான் இங்கன இருந்து செய்வேன்லா?” என்று நானும் விடவில்லை.

“வாசல்ல முப்பது கேன் நிக்கி. பால் திரிஞ்சிரும். ‘செத்த இருங்க, சங்கரங்கோயில்ல ஒருத்தி இருக்கா, அவட்ட கேட்டுட்டு நாளைக்கு வாரேன்’னு சொல்லட்டா? நீ ஒரு நாளாவது அங்கன போயி நின்னு பாத்திருக்கியா?”

கீழே உரக்கடையில் மூட்டை இறக்கும் சத்தம் வந்தது. எனக்குச் சண்டை போடவும் தெம்பு இல்லை. நான் மேஜை மேல் தலையைச் சாய்த்துக்கொண்டேன். அவள் என் நாற்காலியைப் பிடித்து லேசாகத் தள்ளினாள்.

“எந்திரி. நான் உக்காருதேன்.”

“எதுக்கு?”

“அந்தப் பத்தால வகுக்கத வெளிய எடுக்கணும். வாசுதேவநல்லூருக்குன்னு தனியா ஒரு கோப்பு, ‘பொது’வுக்கு வெளிய. நான் போட்ட வரி, நானே எடுக்கேன். நீ நாளைக்குச் சிவகிரி போ.”

“நானா?”

“நீதான். தனியா. நாளைக்கு ஞாயித்துக்கெழமைதான். ஆனா பாலுக்கு லீவு கெடையாது.”

“சென்னைக்கு?”

அவள் லேப்டாப்பைப் பார்க்காமல் சொன்னாள், “அனுப்பல. அழிக்கவும் இல்ல. நீ போயி நின்னு பாத்துட்டு வந்து சொல்லு. அதுக்கப்புறம்தான் எதுவும்.”

சாயங்காலம் முழுக்க அவள் அடிக்க, நான் பக்கத்தில் இருந்து சொன்னேன். நான் வேகமாகச் சொல்லும்போதெல்லாம் “மெல்ல” என்றாள். மூன்று லிங்க்கும் அப்படியே இருக்கின்றன. அவற்றை எடுக்கும் யோசனை இருவருக்குமே இல்லை. ஆனால் இனி சென்டர் ஃபோல்டரை யாரும் கையால் பென் டிரைவுக்கு இழுக்கக் கூடாது. லிங்க் இருக்கும் இடத்தில் நிஜமான கோப்புகளை நிரப்பி, முழுதாக ஒரு கட்டு கட்டித் தரும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை அவள் எழுதினாள். அந்தக் கட்டு இங்கிருந்து வெளியே மட்டும் போகும். அங்கே அவசரத்துக்கு மாற்ற வேண்டியது எதுவானாலும் அந்தச் சென்டரின் சொந்தக் கோப்பில்தான் மாற்ற வேண்டும். திரும்பி வரும்போது அந்த ஒரு கோப்பு மட்டும்தான் வர வேண்டும்.

அண்ணாச்சிக்குப் போன் செய்து நாளை நான் வருவதாகச் சொன்னேன்.

“நீங்களா தாயி? அந்தப் பிள்ள வரலையா?” என்று ஏமாற்றமாகக் கேட்டார். பிறகு, “சரி, வாங்க. பெரியவர் வீட்டுல ஆள் விட்டுச் சொல்லியிருக்கேன். வருவாவளோ என்னவோ. வந்தா முதல் சிலிப் அவுகளுக்குத்தான்,” என்றார்.

பெரியவர் வராவிட்டால் வீடு எது என்று கேட்டுப் போக வேண்டும். போய் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. சிம்லிங்க் பற்றியெல்லாம் சொல்ல முடியாது. மிசின் தப்பு இல்லை, எங்கள் தப்பு என்று மட்டும் சொல்லலாம்.

முதல் பஸ்ஸுக்கு எழ வேண்டும். அந்தக் கோப்புக் கட்டை ஒரு முறை இங்கேயே வேறு ஃபோல்டரில் பிரித்து ஓட்டிப் பார்த்தாயிற்று. நாற்பத்தைந்து என்று அனுப்பினால் வாசுதேவநல்லூர் நாலரை என்கிறது. நாலரை என்று அனுப்பினால் சிவகிரியும் நாலரை என்கிறது. சிவகிரியில் அது நிஜப் பாலுக்கும் அப்படியே சொன்னால், வீட்டுக்கு வராமல் அங்கிருந்தே ராயகிரிக்குப் போய், சாயங்காலப் பாலுக்கு முன் அங்கேயும் போட்டுவிட வேண்டும். தப்பாகச் சொன்னால், வரிசையில் நிற்பவர்களுக்கு முன்னால் உட்கார்ந்து, சிவகிரியின் சொந்தக் கோப்பில் மட்டும் கை வைத்து, அங்கேயே சரி செய்ய முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.